பட்டைத்தோலில் ஓர் அம்பறாத்தூணி

சித்திரை மாதத்துத் திண்டுக்கல் வெயிலில் உரித்த வெள்ளாட்டுத் தோலை உப்புப் போடாமல் ஒரு பகல் போட்டு வைத்தால், மாலைக்குள் நாற்றம் எழும்பிவிடும். அதற்கும் மேலே விட்டால் மயிர் பிடிப்பு தளர்ந்து கையோடு வரும். உயிரோடு இருந்தவரை மழையையும் முள்ளையும் தடுத்து நின்ற அந்தத் தோல், உயிர் போனதும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். தண்ணீரும் புரதமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் அழுகலுக்கு வேறெதுவும் தேவையில்லை.

அழுகலை உலர்த்தியும் நிறுத்தலாம். ஆனால் உலர்ந்த பச்சைத்தோல் பலகைபோல விறைத்துப் போகும். மழையில் நனைந்தால் திரும்பவும் கொழகொழத்து, அழுகல் விட்ட இடத்திலிருந்து தொடரும். தோலை வைத்து எதையாவது செய்ய நினைத்த மனிதர் எல்லோரும், எந்தக் கண்டத்தில் இருந்தாலும், இந்தச் சிக்கலைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது. நனைந்தாலும் அழுகக் கூடாது, உலர்ந்தாலும் விறைக்கக் கூடாது. இந்த இரண்டும் கைகூடிய பிறகுதான் செருப்பும் சேணமும் தண்ணீர்ப் பையும் வந்தன. அம்புகளைப் போட்டுத் தோளில் மாட்டும் தூணியும் அப்படி வந்ததுதான்.

தோல் பதனிடுதலின் அறிவியலைப் புரிந்துகொள்ள இந்தத் தூணி நல்ல பாடம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் லக்கோட்டா, குரோ, கொமாஞ்சி முதலிய மக்கள் குதிரை முதுகில் சுமந்த தூணியை எடுத்துக்கொள்வோம். உடலோடு ஒட்டி வளையும் அளவுக்கு அது மென்மையாக இருக்க வேண்டும். அம்பை உருவும்போது வாய் மூடிக்கொள்ளாத அளவுக்கு விறைப்பும் வேண்டும். புயல் மழையில் அம்பின் இறகுகள் ஊறிப் போகக் கூடாது. எலும்பு, கல், பிற்காலத்தில் இரும்பு என்று எந்த முனையாக இருந்தாலும் அது அடித்தோலைக் கிழித்து வெளியே வரக் கூடாது. இத்தனையும் ஒரே பொருளில் அமைய வேண்டும்.

அதே வகைத் தூணியைத் தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லின் தோலில், திண்டுக்கல்லின் முறையில் செய்தால் எப்படி இருக்கும்? எது பொருந்தும், எது பொருந்தாது? இந்த அத்தியாயம் அதைத்தான் பார்க்கப்போகிறது.

முதலில் புல்வெளித் தூணியின் அமைப்பு. அது பெரும்பாலும் இரட்டைப் பை. வில்லுக்கு நீளமான, ஒடுங்கிய உறை ஒன்று. அம்புகளுக்குக் குட்டையான, சற்று அகன்ற உறை இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே தோள்வாரில் மாட்டுவார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகள் 1680க்குப் பிறகு புல்வெளி முழுவதும் பரவின. குதிரை மேலிருந்து எய்வதற்கு நீண்ட வில் தோதுப்படாது. அதனால் அங்கே வில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அளவில் நின்றது. பயணத்தில் முதுகில் கிடக்கும் தூணி, வேட்டை தொடங்கியதும் கைக்கு எட்டும்படி பக்கவாட்டுக்கு வந்துவிடும். மான் தோல், காட்டெருமைக் கன்றின் தோல், மலைச்சிங்கத்தின் தோல், மயிரோடு கூடிய நீர்நாய்த் தோல் எல்லாம் பயன்பட்டன. நீர்நாயின் அடர்ந்த மயிர் தண்ணீரை உள்ளே விடாது. அந்தத் தோலில் செய்த குரோ மக்களின் தூணிகள் இன்று அருங்காட்சியகங்களின் பெருமை.

பார்த்தவுடன் கண்ணில் படாத ஓர் உறுப்பும் உண்டு. உறையின் நீளவாட்டில் சேர்த்துக் கட்டிய மெல்லிய மரக்குச்சி. மென்மையான தோலுக்கு முதுகெலும்பு அதுதான். இந்த யோசனை மிகப் பழையது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்திய ‘ஓட்சி’ மனிதனிடம் ஒரு தோல் தூணி இருந்தது. அதில் 14 அம்புகள். இரண்டு மட்டுமே எய்வதற்குத் தயாரானவை, மற்றவை பாதி வேலையில் நின்றவை. அந்தத் தூணிக்கும் பக்கவாட்டில் ஹேசல் மரக்குச்சி ஒன்று தாங்கலாக இருந்தது. அது ரோ மானின் தோல் என்று 2016இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பனி காப்பாற்றியதால் அது நமக்குக் கிடைத்தது. நம் ஊர் ஈரமும் கறையானும் தோலை அவ்வளவு காலம் விட்டுவைப்பதில்லை. திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரைத் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூணில் அம்பெய்யும் கடவுள் மன்மதனின் சிலை நாயக்கர் காலக் கலையழகோடு நிற்கிறது. கல்லில் வடித்தது நின்றது. தோலில் தைத்தது மண்ணோடு போனது.

இனி தோலுக்குள்ளே போவோம்.

மேலே மயிர் முளைக்கும் மெல்லிய படலம். கீழே சதையோடு ஒட்டிய கொழுப்புப் படலம். இரண்டையும் நீக்கியபின் நடுவில் மிஞ்சுவதுதான் பதனிடத் தகுந்த பகுதி. அது முழுக்க நார்களின் பின்னல், அந்த நார்களெல்லாம் கொலாஜன் என்ற புரதம். விலங்குடலில் எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கும் புரதம் இதுவே. எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, தோல் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது இது. இதன் மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன் கொண்ட நூலிழை.

அந்த இழையின் வடிவத்தைக் கண்டுபிடித்த ஊர் சென்னை என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கோ.நா. இராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளை அளந்தார்கள். 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கொலாஜன், மூன்று சங்கிலிகள் இணைந்த கட்டமைப்பு. அடுத்த ஆண்டே அந்த மாதிரியைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றிய மூன்று புரிக் கயிறு அது என்று காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய எதுவும் அந்த இடத்தில் பொருந்தாது. பொருந்தாவிட்டால் மூன்று புரிகளும் இவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடியாது. பக்கத்து வளாகத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்தான் இந்த ஆராய்ச்சிக்குக் கொலாஜன் தந்து உதவியது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம் அது. தோல் தொழிலுக்காக எழுந்த ஒரு கட்டடமும் உயிர் மூலக்கூறு ஆராய்ச்சியும் அடுத்தடுத்து இருந்ததால் விளைந்த பயன் இது. அறிவியல் வரலாற்றில் தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய இடங்களில் இதற்கு முன்வரிசை தர வேண்டும்.

புல்வெளித் தூணியைத் தைத்த நூலும் தசைநாண்தான். இராமச்சந்திரன் எக்ஸ் கதிர் பாய்ச்சிய அதே பொருளால்தான் அந்த மக்கள் அம்பு முனையைக் கட்டினார்கள், வில்லின் முதுகைப் போர்த்தினார்கள், தோலோடு தோலைச் சேர்த்தார்கள்.

கொலாஜன் இழைகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கும்வரை தோல் துவளும். தண்ணீர் போனதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தோல் விறைக்கும். பதனிடுதல் என்பது இழைகளுக்கு நடுவே தண்ணீர் இருந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுபோய் நிலையாக நிறுத்துவது. எதை நிறுத்துவது என்பதில்தான் ஊருக்கு ஊர் வழி மாறுகிறது.

அமெரிக்கப் புல்வெளியில் விலங்கின் மூளையை வைத்தார்கள். மூளையில் லெசித்தின் வகைக் கொழுப்புகள் நிறைய. அவை எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் தன்மை கொண்டவை. மூளையை வெந்நீரில் கரைத்துத் தோலில் தேய்த்து, பிழிந்து, தோல் உலரும்வரை கைவிடாமல் இழுத்து இழுத்துப் பிசைவார்கள். கொழுப்பு இழைகளைச் சுற்றிப் படிவதால் அவை ஒட்ட முடியாது. இது கடும் உழைப்பு. அங்கே பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. ஆனால் மூளை மட்டும் போட்ட தோல் நனைந்து உலர்ந்தால் மறுபடி விறைக்கும். அதற்காகத் தோலைப் பைபோலத் தைத்து, உளுத்த மரத்தின் புகையை உள்ளே ஏற்றுவார்கள். புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் கொலாஜன் இழைகளுக்கு நடுவே வேதிப் பாலங்களைக் கட்டிவிடும். அதன்பின் மழையில் நனைந்தாலும் தோல் மெத்தென்றே உலரும். அந்தத் தூணிகளின் தேன் நிறமும் புகை வாசனையும் இந்த வேதியியலின் அடையாளங்கள்.

திண்டுக்கல் சமவெளியில் அந்த வேலையைச் செய்தது ஆவாரை.

சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே மழை குறைந்த இந்த மண்ணில், ரோட்டோரத்திலும் தரிசிலும் மஞ்சள் பூவோடு நிற்கும் செடி. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது எல்லோர் வீட்டுக்கும் வரும் செடி. அதன் பட்டையின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் டானின். பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதைச் செய்வதும் டானின்தான். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரளவைப்பதால் அந்த உணர்வு வருகிறது. தோலிலும் அதே வேலை நடக்கிறது. டானின் மூலக்கூறு பெரியது, பல இடங்களில் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் கொண்டது. ஒரே நேரத்தில் பல கொலாஜன் இழைகளைப் பிடித்துக்கொள்ளும். இழைகள் விலகியும் நிற்கும், கட்டுண்டும் நிற்கும். நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு நுழைய இடம் கிடைக்காது. பட்டையில் பதமான தோல் கனமாக, உருவத்தைத் தாங்கி நிற்பதாக இருப்பது, இழைகளின் இடைவெளியெல்லாம் டானின் நிரம்பிவிடுவதால்தான்.

ஆவாரைக்கு ஒரு குறை உண்டு. அதில் பதமான தோல் வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் சிவந்துவிடும். அதற்குத் தென்னிந்தியத் தொழிலாளர் கண்ட மருந்து கடுக்காய். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதமான தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தால் நிறம் வெளிறி நிலைக்கும். கடுக்காயின் டானின் வேறு குடும்பம். அது சிதைந்து எல்லாஜிக் அமிலமாகித் தோலின் மேல் மெல்லிய பொடியாகப் படியும். இரண்டு வேறு தாவரங்களின் துவர்ப்பை இப்படி அடுத்தடுத்து வைத்த அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. குழிக்குள் கை விட்டுப் பல தலைமுறையாக நிறம் பார்த்தவர்களின் கணிப்பு அது. அவர்களில் எவருடைய பெயரும் பாடப்புத்தகத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

தோல் வரும் வழியும் இந்த ஊருக்கே உரியது. வியாழக்கிழமை தோறும் கூடும் அய்யலூர் ஆட்டுச்சந்தையில் கை மாறும் ஆடுகளின் கறி பிரியாணி அண்டாவுக்குப் போகிறது, தோல் மண்டிக்கு வருகிறது. கறிக்காக வெட்டிய ஆட்டின் மிச்சத்தை வீணாக்காமல் பொருளாக்குவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

பச்சைத்தோலுக்கு அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு. உப்பு தண்ணீரை உறிஞ்சி அழுகலை நிறுத்திவைக்கும். தோல் பதனிடும் ஆலையான டேனரிக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப் போட்டு அந்த உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. காரம் ஏறிய சுண்ணாம்புத் தண்ணீரில் தோல் வீங்கும், மயிர்க்கால் தளரும், நார்ப் பின்னல் விரிந்து டானினுக்கு வழி திறக்கும். மயிரைக் கழித்து, சதையைச் சீவியபின், தோலுக்குள் நிற்கும் சுண்ணாம்பை இறக்க வேண்டும். இதற்கு உலகம் முழுவதும் புளித்த தவிட்டுத் தண்ணீரையும், புறா எச்சத்தையும், நாய் மலத்தையும்கூடப் பயன்படுத்தினார்கள். அந்த எச்சத்தில் வேலை செய்வது செரிமான நொதிதான் என்று புரிந்துகொண்டு, கணையத்திலிருந்து எடுத்த நொதியை 1907 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ ரோம். தோல் தொழிலாளரின் பெருந்துன்பம் ஒன்று அதோடு குறைந்தது.

இதற்குப் பிறகு பட்டைக்குழி. முதலில் நீர்த்த பட்டைத் தண்ணீர், பின்பு மெல்ல மெல்லக் கெட்டியானது. எடுத்தவுடன் கெட்டித் தண்ணீரில் போட்டால் மேற்பரப்பு மட்டும் டானினைப் பிடித்து இறுகிவிடும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். ஆகவே அவசரம் கூடாது. ஆட்டுத் தோலுக்கே வாரக்கணக்கில் ஆகும், மாட்டுத் தோலுக்கு இன்னும் கூடுதல். வெட்டிய ஓரத்தில் நடுவே வெளுத்த கோடு தெரிந்தால் பதம் முடியவில்லை என்று பொருள். கடைசியில் எண்ணெய் பூசி, ஆணி அடித்து விரித்து உலர்த்துவார்கள். நல்லெண்ணெய், புங்க எண்ணெய் இரண்டும் இதற்குப் பழகியவை.

இப்படிப் பதமான தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ்களின் மேல்தோலுக்கு இது பயன்பட்டது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

அதே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் புல்வெளியில் நடந்ததைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலை முறையில் உறுதியான தோலாகப் பதனிடும் வழி 1870-71 வாக்கில் கைகூடியது. இயந்திரங்களை ஓட்டும் பட்டைகளுக்கு அந்தத் தோலுக்குப் பெரும் கிராக்கி எழுந்தது. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் இருபது ஆண்டுகளுக்குள் சில நூறாகக் குறைந்தன. தோலுக்காக மட்டும் சுட்டு, உடலைப் புல்வெளியில் அழுக விட்டார்கள். அந்த விலங்கை நம்பி வாழ்ந்த மக்களின் வாழ்வும் அதோடு சாய்ந்தது. பதனிடும் முறையில் ஏற்பட்ட ஒரு சிறு முன்னேற்றம் ஒரு நிலப்பரப்பையே காலியாக்கியது.

திண்டுக்கல்லுக்கும் அப்படியொரு திருப்பம் காத்திருந்தது. அதன் பெயர் குரோமியம். நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் குரோமிய உப்பில் தோலைப் பதனிடக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்த பொருள்களில் ஒன்று கமலைத் தோல். கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் தோல் சால், பட்டையில் பதமானதாக இருந்தால் ஓயாமல் தண்ணீரில் கிடந்து சீக்கிரம் நைந்துபோகும். குரோமியத் தோல் தாக்குப்பிடித்தது. டானின் பிடிக்கும் பிடி ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணீரால் தளரக்கூடியது. குரோமியம் கொலாஜனின் அமிலத் தொகுதிகளோடு நேரடியாகவே பிணைந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தோலில் சிறு துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் போதும். பச்சைத்தோல் 65 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சுருண்டு சுருங்கும். பட்டைத்தோல் 75க்கும் 85க்கும் நடுவே சுருங்கும். நன்றாகப் பதமான குரோமியத் தோல் கொதிநீரிலும் அசையாமல் கிடக்கும். குழியில் வாரக்கணக்கில் ஆன வேலையும் சுழலும் டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனரிகள் அந்தப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

விலையைக் கிணறுகள் கொடுத்தன. வழக்கமான முறையில் டிரம்மில் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு போய்விடும். அதோடு, முதல் கட்டத்தில் கழுவிய உப்பு முழுவதும் தண்ணீரில்தான் போகிறது. மேல் குடகனாற்றுப் படுகையில் சுமார் 80 டேனரிகள் இயங்கியதையும், அவற்றைச் சுற்றிய நிலத்தடி நீரில் உப்பு ஏறியதையும் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் திண்டுக்கல்லின் பெயரும் இருக்கிறது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. பட்டைத்தோலுக்கும் முழு விடுதலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டைத் தண்ணீர் ஆற்றில் விழுந்தால் அதுவும் கெடுக்கும், உப்போ இரண்டு முறைக்கும் பொது.

ஆவாரை போதாமல் போனபோது அதன் இடத்தை நிரப்பியது வாட்டில் பட்டை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரத்தின் பட்டை முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. பிறகு நம் மலைகளிலேயே நட்டார்கள். இதே மாவட்டத்துக் கொடைக்கானலில் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகள் வாட்டில் தோட்டங்களாயின. இன்று அது தானே பரவும் களை. மழையைப் பிடித்து ஓடைகளுக்கு விடும் புல்வெளியை மீட்க அதை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. அடிவாரத்துத் தோல் குழிக்காக மலையுச்சியின் முகம் மாறியது.

சரி, தூணியைச் செய்யத் தொடங்கலாம். செய்பவர் முதலில் தோல்களைப் பிரித்துப் பார்க்கிறார். ஆட்டுத் தோல் நாலைந்து சதுர அடிதான் வரும், தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவு. வில் உறைக்கு அது சரியாக இருக்கும். அம்பு உறைக்குக் கன்றுத் தோல் நல்லது, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். செம்மறித் தோல் இரண்டுக்கும் உதவாது. கம்பளிக்கும் கொழுப்புக்கும் இடம் விட்டு வளர்ந்த நார்கள் நெருக்கமில்லாமல் இருப்பதால் அது எளிதில் பிரிந்துவிடும்.

தோலில் முதுகெலும்பு ஓடிய கோட்டைக் கண்டுபிடிப்பது அடுத்தது. கழுத்திலிருந்து வால் வரை நார்கள் நெருங்கியும் ஒரே போக்கிலும் இருக்கும். அந்தத் திசையில் இழுத்தால் தோல் அதிகம் நீளாது. குறுக்கே இழுத்தால் நீளும். வயிற்றுப் பகுதி எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும். ஆகவே தோள்வாரை முதுகுக் கோட்டுக்கு இணையாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் தூணி இடுப்புக்குக் கீழே தொங்கும். உறையின் நீளமும் அதே திசையில். வயிற்றுத் தோல் குஞ்சத்துக்குப் போதும்.

அம்பு 65 சென்டிமீட்டர் என்றால் உறையின் ஆழம் 50 அளவில் இருக்கட்டும். இறகுகளின் மேற்பகுதி வெளியே நின்றால்தான் விரல் பிடிக்கும். வாயின் சுற்றளவு 28 வைத்து அடியில் 20க்கு ஒடுக்கினால் பத்துப் பதினைந்து அம்புகள் நெருக்கமாக நிற்கும். மிகவும் அகன்றுவிட்டால் குதிரையின் ஓட்டத்தில் அம்புகள் ஒன்றோடொன்று உரசி இறகு சிதையும், சத்தமும் எழும்.

தைக்குமுன் ஓரங்களை ஈரப்படுத்துகிறார். குத்தூசி தோலிலிருந்து எதையும் வெட்டி எடுப்பதில்லை, நார்களை விலக்கி வழி விடுகிறது. ஈரம் காய்ந்ததும் நார்கள் திரும்ப வந்து நூலைக் கவ்விக்கொள்ளும். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பது புல்வெளிக்காரர்களின் உத்தி. நடுப்பட்டை தையலை அம்பு முனையிலிருந்து காக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மிச்சத்தைக் கீறிவிட்டால் அதுவே குஞ்சம். தசைநாண் நூலை வாயில் ஈரப்படுத்தித் தைத்தால், உலரும்போது அது சுருங்கித் தையலை இறுக்கும். நுனியை மட்டும் உலர விட்டால் ஊசியே வேண்டாம். திண்டுக்கல்லில் அதற்குப் பதில் மெழுகு தேய்த்த நூல். அது தானாக இறுகாது, ஒவ்வொரு தையலையும் கையால் இழுத்து இறுக்க வேண்டும். அடியில் இரண்டடுக்குத் தோல்.

தைத்து முடித்த உறையைப் பச்சைத் தண்ணீரில் சில நிமிடம் முக்கி, மரத்தில் செதுக்கிய அச்சின் மேல் மாட்டுகிறார். பட்டைத்தோலின் தனித்திறமை இங்கே வெளிப்படும். தண்ணீர் நார்களுக்கு நடுவே இருந்த பிணைப்புகளைத் தளர்த்த, நார்கள் வழுக்கிப் புதிய இடத்துக்கு வருகின்றன. உலர்ந்ததும் அந்த இடத்திலேயே பிணைந்துகொள்கின்றன. மூளைத்தோலும் குரோமியத் தோலும் இப்படி உருவம் பிடிக்காது. உருளை வடிவம் நின்றுவிட்டால் பக்கவாட்டு மரக்குச்சியின் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் வாயருகே மடங்காமலிருக்க ஒரு மூங்கில் சிம்பைக் கட்டிவிடுவது நல்லது.

உலர்த்துவது நிழலில்தான். வெயிலில் போட்டால் ஈரம் வேகமாக மேலேறும், கூடவே பிடிப்பில்லாத டானினையும் இழுத்து வந்து மேற்பரப்பில் சேர்க்கும். அங்கே தோல் கருத்து, மடக்கினால் வெடிக்கும். ஈரத் தோலின் பக்கத்தில் இரும்பும் ஆகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை, பழைய எழுத்து மை செய்த அதே வேதிவினை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டறைக்குள் இரும்புத்தூள் பறக்காத இடத்தைத் தேடித்தான் உட்கார வேண்டும். அச்சில் தோலைப் பிடித்துவைக்கப் பித்தளை ஆணி அல்லது மர முளை. இந்தக் குறையையே அலங்காரமாக்கவும் முடியும். பழைய ஆணிகளைக் காடியில் ஊறப்போட்ட தண்ணீரைத் தொட்டு வரைந்தால் அழியாத கருங்கோடு விழும்.

நன்றாக உலர்ந்தபின் உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் தேய்க்கிறார். முதுகுப்பக்கம் ஒரு முறை, மடியும் வாயோரத்தில் இரண்டு முறை. புங்க எண்ணெய் தோலுக்கு நல்லது, பூச்சியும் அண்டாது. மேலே தேன்மெழுகைச் சூடாக்கிப் பூசினால் மழைத்துளி உருண்டோடும். இரும்பு முனை அம்புகளை ஈரத் தூணியில் விட்டுவைக்கக் கூடாது, முனை துருப்பிடிக்கும், தோலில் கருப்புத் திட்டு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் மாட்டிய பட்டைத்தோலில் பூஞ்சணம் பூப்பது வழக்கம். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து, தை பிறந்ததும் இன்னொரு கை எண்ணெய் பூச வேண்டும்.